பன்னிரண்டு மணிக்குக் காலியாக இருந்த நாற்காலி

நான் செய்தி வாசிக்கும் வேலையை விட்ட மறுநாள் காலையில், அப்பா எங்கள் கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளி வைத்தார்.

கேட்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கேரளத்தின் தலைநகரில், வலியசாலையில் எங்கள் வீட்டுக் கடிகாரம் நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பத்து நிமிடம் முன்னால்தான் ஓடியது. காரணம் நான்தான். எந்த இடத்துக்கும் நேரத்தோடு போய்ச் சேரும் வழக்கம் எனக்குக் கிடையாது. அப்பாவோ டிரஷரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரேடியோவில் மணி அறிவிக்கும் பீப் சத்தத்துக்குக் கைக்கடிகாரத்தைச் சரிபார்க்காமல் அவருக்குக் காலைக் காப்பி இறங்காது. அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் ஒரு பொய்க் கடிகாரத்தை மாட்டி வைத்திருந்தார் என்றால், அது மகளுக்காக அவர் செய்த பெரிய தியாகம். நான் கல்லூரிக்கு ஓடியதும், ஆபீசுக்கு ஓடியதும், கல்யாணத்துக்குப் பிறகும் அதே வீட்டிலிருந்து ஓடியதும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான். கணவருக்கு நாகர்கோவிலில் வங்கி வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிற விருந்தாளி அவர். அவருக்கும் அந்தக் கடிகாரத்தின் குணம் தெரியும்.

அன்று ரேடியோ பீப் அடித்தபோது கூடத்துக் கடிகாரமும் அதே மணியைக் காட்டியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கடிகாரத்தைத் திருத்தினேளா அப்பா?"

"ஆமாம். வேலைக்குப் போறவாளுக்குத்தான் கடிகாரம் முன்னாடி ஓடணும். ஆத்துல இருக்கறவாளுக்குச் சரியான மணி போறும்," என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வந்த கோபத்தில் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். காப்பி நன்றாக இருந்ததால் திரும்பி வந்து குடித்தேன்.

தொண்ணூறுகளில் இந்த ஊரில் தனியார் சேனல்கள் தலையெடுத்த சமயத்தில் நான் ஒன்றில் நிருபராகச் சேர்ந்தேன். வீட்டில் தமிழ், தெருமுனை தாண்டினால் மலையாளம், ஆபீசில் இங்கிலீஷ் என்று மூன்றையும் ஒரே வாயில் போட்டு மெல்லுகிற கூட்டம் நாங்கள். மலையாளச் செய்தி எனக்கு ஒரு சிரமமாக இல்லை. நிருபர் என்றால் மைக்கை நீட்டி மந்திரியை மடக்குவது என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் வருஷம் முழுக்கச் செய்தது தம்பானூர் பஸ் நிலையத்தில் பொட்டலம் தேடுகிற வேலை. வெளி மாவட்டத்தில் எடுத்த செய்தியின் டேப்பைப் பேப்பரில் சுற்றி பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். பஸ் உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, அதை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் பறக்க வேண்டும். ஒரு தடவை கோட்டயத்துப் போராட்டம் என்று வாங்கி வந்த டேப்பை மெஷினில் போட்டால், யார் வீட்டிலோ பெண் பார்க்கும் வைபவம் ஓடியது. பெண் வெட்கத்தோடு தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பதிலாகக் கல்லெறியும் தடியடியும் பார்த்திருப்பார்கள். அந்தக் கல்யாணம் நடந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பிறகு ஏழு மணிச் செய்தி வாசிக்க உட்கார்த்தினார்கள். அப்பாவின் பொற்காலம் அன்று ஆரம்பித்தது. ஏழு மணிக்கு எங்கள் கூடத்தில் தெருவே கூடும். அப்பா டி.வி.க்குப் பக்கத்தில் ரேடியோவையும் வைத்துக்கொண்டு உட்காருவார். பீப் அடித்து ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம் கழித்துத்தான் என் முகம் வரும். நான் வீட்டுக்குள் நுழையும்போது, புடவை நன்றாக இருந்தது என்று அம்மா சொல்வாள். அப்பா, "ஏழு மணிச் செய்தி ஏழு மணிக்கு ஏண்டி ஆரம்பிக்க மாட்டேங்கறது?" என்பார். தினமும் இதே கேள்விதான்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் சேனல்களின் கடிகார சாஸ்திரத்தைச் சொல்ல வேண்டும். எந்தச் சேனலிலும் சுவர்க் கடிகாரங்கள் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும். நிருபர்கள் செய்தியை நேரத்துக்குக் கொடுக்க வேண்டுமே என்று எவரோ ஒரு புண்ணியவான் ஆரம்பித்து வைத்த ஏற்பாடு. சேர்ந்த முதல் வாரத்திலேயே அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொருவரும் மனசுக்குள் ஐந்தைக் கழித்துக்கொண்டு, கூட ஒன்று சேர்த்துக் கழித்துக்கொண்டு, நிதானமாக வருவார்கள். ஆள் வரவில்லை என்றால் கன்ட்ரோல் ரூமில் ஒரு சோப்பு விளம்பரத்தைக் கூடுதலாகப் போடுவார்கள். இந்த ஊரில் சோப்பு நன்றாக விற்றதற்கு நாங்களும் ஒரு காரணம்.

கம்ப்யூட்டரில் படம் வெட்டி ஒட்டும் மெஷின் முதன்முதலாக எங்கள் ஆபீசுக்கு வந்தபோது, அதனுடன் வந்த தடிப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தது நான் ஒருத்திதான். படிக்கப் படிக்க எனக்குப் பசி மறந்துபோயிற்று. டேப் இல்லாமல், பஸ் டிரைவர் இல்லாமல், படம் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தானாகப் போய்ச் சேரும் என்றால் அதைவிட அழகான விஷயம் உலகத்தில் உண்டா? யாரோ எழுதியதை முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு வாசிப்பது எனக்கு அலுத்துப்போனது அந்த நாளில்தான். சில வருஷத்தில் மற்றச் சேனல்காரர்கள் எந்த மெஷின் வாங்கலாம், எப்படிப் பொருத்திப் பூட்டலாம் என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். அதையே தொழிலாக்கிக்கொள்கிறேன் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். எங்கள் தலைமை எடிட்டர் நல்ல மனுஷர். மாதக் கடைசி வரைக்கும் என் நாற்காலிக்கு ஆள் போட மாட்டேன், மனசு மாறினால் வந்துவிடு என்றார். இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

'மீடியா டெக்னாலஜி கன்சல்டன்ட்' என்று விசிட்டிங் கார்டு அடித்தேன். அம்மா அதைப் பெருமையாகத் தெருவில் நாலு பேருக்குக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து ரிமோட்டுகள் வரத் தொடங்கின. ஆன்டெனா ஒயர், படம் தெரியாத பெட்டி, மழை பெய்தால் ஊமையாகிற பெட்டி என்று வீட்டு வாசலில் ஒரே கூட்டம். மூணாவது வீட்டு மாமி, "நோக்கு இது தெரியுமாக்கும்னு கேள்விப்பட்டேன்," என்று ஒரு கிரைண்டரையே கொண்டுவந்துவிட்டாள். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நியூஸ் வாசித்த பெண் டி.வி. மெக்கானிக் ஆகிவிட்டாள் என்பது அவர் மனசில் முள்ளாகக் குத்தியது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் கிரைண்டரைச் சரி பண்ணிக் கொடுத்தேன்.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது எனக்கு முதல் பெரிய வேலை கிடைத்தது. நகரம் முழுக்க மருந்துக் கடைகள் வைத்திருந்த ஒருவர் புதிதாகச் செய்திச் சேனல் ஒன்றை வாங்கியிருந்தார். மலையாளி. ஆனால் சிறுவயதில் சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகளோடு புழங்கியவர். என்னிடம் தமிழில் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார்.

"மேடம், எனக்கு மனுஷன் மேல விசுவாசம் இல்லா. ஒருத்தனும் கை வைக்கண்டா. நியூஸ் தன்னாலே போகணும்," என்றார்.

அதுதான் திட்டம். செய்திப் படங்கள் எல்லாம் சர்வரில் இருக்கும். சொன்ன மணிக்கு மெஷினே தலைப்பு இசையைப் போடும், வாசிப்பவரின் கேமராவுக்கு மாறும், அவர் வாசிக்க வேண்டிய வரிகளைத் திரையில் ஓட்டும், படத்தைப் போடும். பெங்களூரிலிருந்து மெஷின் கம்பெனிப் பையன் ஒருவன் வந்து எல்லாவற்றையும் பூட்டினான். மாதத்தின் கடைசி நாள், மதியப் பன்னிரண்டு மணிச் செய்தியை முதலாளியும் அவர் கூட்டாளிகளும் உட்கார்ந்து பார்ப்பார்கள். சரியாகப் போனால் மூன்று வருஷ ஒப்பந்தம். சொதப்பினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பழைய நாற்காலிக்கு. என் தொழில் நிற்குமா விழுமா என்பது அந்த அரை மணி நேரத்தில் இருந்தது.

"போகலைன்னா பழைய வேலைக்குப் போயிடுவியோன்னோ?" என்று அப்பா விசாரித்தார். அவர் குரலில் இருந்த ஆவல் எனக்குப் பிடிக்கவில்லை.

மெஷினுக்கு நிஜமான மணி வேண்டும். அதனால் முதல் வேலையாக அந்தச் சேனலின் சுவர்க் கடிகாரங்களை எல்லாம் இறக்கி, ஐந்து நிமிடத்தைக் குறைத்து, சரியான மணிக்கு வைத்தேன். எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். நோட்டீசும் ஒட்டினேன். அதையும் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். பொய்க் கடிகாரத்தோடு வளர்ந்தவள் நான். கழித்துக் கழித்துப் பழகிய மண்டை, நோட்டீசைப் படித்தவுடன் கழிப்பதை நிறுத்தாது என்று எனக்குத் தெரியாதா? அன்று தெரியவில்லை.

அந்த நாள் வந்தது. முதலாளி பட்டு ஜிப்பாவில் வந்தார். கூட்டாளிகள் ஏ.சி. அறையில் உட்கார்ந்தார்கள். லட்டுத் தட்டுகள் உலா வந்தன. பெங்களூர்ப் பையன் காலையிலேயே எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, "மேடம், நடை சாத்தறதுக்குள்ள கோட்டைக் கோயிலைப் பார்த்துட்டு வந்துடறேன்," என்றான். முதல் முறையாக இந்த ஊருக்கு வந்தவன், பாவம். வேட்டிகூட யாரிடமோ இரவல் வாங்கியிருந்தான். போய் வா என்றேன். மெஷினை நடுவில் நிறுத்தும் பாஸ்வேர்டு அவனிடம் மட்டும்தான் இருந்தது. கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. இந்த இரண்டும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்த விஷயங்கள்தான்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கன்ட்ரோல் ரூம் திரையைப் பார்த்தேன். மேஜை இருந்தது, மைக் இருந்தது, பின்னால் நகரத்தின் படம் இருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை.

"எங்கே நம்ம வாசிப்பாளர்?" என்றேன்.

பக்கத்தில் இருந்த தயாரிப்பாளர் லட்டைப் பிய்த்தபடி சுவரைப் பார்த்தார். "சமயம் உண்டு மேடம். நம்முடெ கிளாக் அஞ்சு மினிட் ஃபாஸ்டாணல்லோ," என்றார்.

திரும்பிப் பார்த்தால் ஃப்ளோர் மேனேஜரும் லட்டுத்தட்டோடுதான் நின்றார். ஒட்டுமொத்தச் சேனலும் ஐந்தைக் கழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாசிப்பாளர், பெரிய மீசைக்காரர், இருபது வருஷ அனுபவம் உள்ளவர், கேன்டீனில் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவருடைய கணக்குப்படி இன்னும் ஒரு பழம்பொரிக்கு நேரம் இருந்தது.

"ஒரு விளம்பரத்தைக் கூடப் போடுங்க," என்று கத்தினேன். தயாரிப்பாளர் விசைகளைத் தட்டினார். பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு இரவல் வேட்டியில் அனந்தசயனத்தைச் சேவித்துக்கொண்டிருந்தது. மனுஷக் கை படக் கூடாது என்று முதலாளி கேட்டார், நானும் படாமல் பூட்டிக் கொடுத்திருந்தேன்.

டாணென்று பன்னிரண்டுக்குத் தலைப்பு இசை தொடங்கியது. நான் ஓடினேன். துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருந்தேன், கொண்டையில் பேனா செருகியிருந்தேன், காதில் ஹெட்போன் தொங்கியது. இசை முடிந்து மெஷின் கேமராவுக்கு மாறியது. கேரளம் முழுவதும் ஒரு காலி நாற்காலியைப் பார்த்தது. அந்த மௌனம் பாதி நிமிடம்கூட இருந்திருக்காது. எனக்கு அது கர்ப்பகாலம் போல நீண்டது. பிறகு திரையின் ஓரத்தில் என் துப்பட்டா நுனி வந்தது, அதற்குப் பின்னால் நான் வந்தேன். மேஜை மேல் கிடந்த, சட்டையில் செருகும் சின்ன மைக்கைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு, "நமஸ்காரம்," என்றேன்.

வரிகள் ஓடும் திரையை மீசைக்காரரின் வேகத்துக்கு வைத்திருந்தோம். அவர் யானை நடப்பது போல வாசிப்பவர், நான் ஆட்டோக்காரி. ஒவ்வொரு வரியையும் முடித்துவிட்டு அடுத்த வரி வருவதற்காகப் பேந்தப் பேந்த விழித்தேன். முதல் செய்தியின் படம் ஓடும்போது மீசைக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மேலே கோட்டும் டையும், கீழே மேஜை மறைக்கும் பாகத்தில் மடித்துக் கட்டிய முண்டு. நாற்காலியை நெருங்கியவர், படம் முடியப் போகிறது என்று பார்த்ததும் சடாரென்று மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு வெளியே வர வழியில்லை. செய்தி முடிகிற வரைக்கும் என் காலடியில் பழம்பொரி வாசனையோடு இருந்தார். கஷ்டமான பெயர்கள் வந்தபோது மட்டும் அடியிலிருந்து மெல்லச் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனுஷர்.

எல்லாம் முடிந்தது, என் தொழிலும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ஏ.சி. அறைக்குப் போனேன். முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். கூட்டாளிகளும் தட்டினார்கள்.

"மேடம், கலக்கி. மெஷின் கிடக்கட்டும். நீங்க நம்ம சேனல்ல வாசிக்கணும். எத்ர நல்ல முகம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை நாள் ஒயரோடு ஒயராகக் கிடந்து வேலை பார்த்ததற்கு முகம்தான் பரிசா?

"சார், இன்னிக்கு இந்த ஆபீஸ்ல நேரத்துக்கு வேலைக்கு வந்தது அந்த மெஷின் ஒண்ணுதான். அதைக் கிடக்கட்டும்னு சொல்றீங்க. லேட்டா ஓடி வந்த என்னைப் பாராட்டறீங்க," என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு ஒம்பது மணிக்கு வரணும். வாசிப்போ, மெஷினோ, ஏதாவது ஒண்ணு. நீங்க சொல்லணும், நான் தீருமானிக்கும்," என்றார். அது சம்மதமா கோபமா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்புக் கும்பல். அம்மா பால் பாயசம் வைத்திருந்தாள். கிரைண்டர் மாமி என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள். பழையபடி டி.வி.யில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று தெரு முழுக்கச் செய்தி போயிருந்தது. என்னைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். கூட்டம் கலைகிற வரைக்கும் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அப்பாவின் எதிரில் போய் உட்கார்ந்து சொன்னேன். "அப்பா, என்னை வாசிக்கத்தான் கூப்பிடறா. நான் மாட்டேன்னு சொல்லப் போறேன். மெஷின் வேலை தந்தா தரட்டும், தராட்டி வேற இடம் தேடிக்கறேன். அந்த நாற்காலில உக்காந்தா எனக்கு மூச்சு முட்டறது. இன்னிக்கு ஓடினபோதுகூட, நாம வாசிக்கப் போறோமேன்னு சந்தோஷமா இல்லை. நம்ம மெஷின் மானம் போயிடப்படாதேன்னுதான் ஓடினேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டப் போகிறார் என்று நான் தயாராக இருந்தேன்.

"பன்னண்டு மணிக்கு அந்த மியூசிக்கை ஆரம்பிச்சது யாரு, ஆளா மெஷினா?" என்று கேட்டார்.

"மெஷின்தான்."

"அதுக்கு மணி வச்சது யாரு?"

"நான்தான்."

"ரேடியோவைப் பக்கத்துல வச்சிண்டுதான் பார்த்தேன். பீப்பும் மியூசிக்கும் ஒண்ணா அடிச்சுது. நீ இத்தனை வருஷம் வாசிச்சியே, ஒரு நாள் அப்படி நடந்திருக்கா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்க் கை கால் அலம்பினார். எனக்குச் சரியாகப் புரியவில்லை. பாராட்டும்போதும் அவர் குற்றம் கண்டுபிடிக்கிற குரலில்தான் பேசுவார்.

மறுநாள் காலை எழுந்து கடிகாரத்தைப் பார்த்தேன். அலறி அடித்துக்கொண்டு குளித்தேன். இட்லியை ஒரு கையிலும் செருப்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "லேட் ஆயிடுத்து, ஓடு," என்றார், கண்ணை எடுக்காமல்.

ஆட்டோக்காரரை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் ஆபீசில் காவல்காரரைத் தவிர ஒருத்தரும் இல்லை. முன்னறைச் சுவரைப் பார்த்தேன். நானே இறக்கி நானே சரிசெய்து மாட்டிய கடிகாரம். ஒன்பதுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. காவல்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஒன்பது அடிக்கும்போது முதலாளியின் கார் வந்தது. படிக்கட்டில் இட்லிக் கையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து நின்றார்.

"எந்தா மேடம், இத்ர சீக்கிரம்?"

"மெஷின் வேலைக்கு வந்திருக்கேன் சார். எங்க வீட்டுக் கடிகாரம் கொஞ்சம் முன்னால ஓடும்," என்றேன்.